ஏடும் குறிப்பேடும்: உ.வே.சாமிநாதையரின் பதிப்புப் பணியில் எழுத்துவழிக் கண்டறிதல்

முன்னுரை

சங்க இலக்கியங்கள் அச்சேறிய வரலாறு தமிழுலகில் பெரும்பாலும் ஒரு தேடல் வரலாறாகவே கூறப்பட்டு வருகிறது. மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் கேட்பாரற்றுக் கிடந்த சுவடிகளை ஊர் ஊராக அலைந்து திரட்டி, செல்லுக்கும் கரையானுக்கும் இரையாகாமல் காத்து, அச்சில் ஏற்றிய பெருமக்களின் உழைப்பே அவ்வரலாற்றின் மையமாக அமைகிறது. இச்சித்திரம் உண்மையானது; ஆயினும் முழுமையானதன்று. ஏடு கிடைத்தல் வேறு; அவ்வேட்டில் உள்ளது இன்ன நூல், இன்னாரால் இன்னாரைப் பற்றிப் பாடப்பட்டது, இன்ன பொருளை உடையது என்று அறிதல் வேறு.

திருவாவடுதுறை ஆதீனத்தின் சுவடித் தொகுதி இதற்குத் தக்க சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்க் கல்வியின் தலையாய நிலைக்களன்களுள் ஒன்றாக விளங்கிய அம்மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடஞ்சொன்னார், உ.வே.சாமிநாதையர் (1855–1942) அங்கேயே பாடங்கேட்டார். சங்க நூற்சுவடிகளும் அங்கே இருந்தன. எனினும் 1876இல் பிள்ளையவர்கள் மறையும்வரை அச்சுவடிகள் பாடத்திற்குரியனவாகக் கருதப்படவில்லை. அடுத்த இருபதாண்டுகளுக்குள் அதே சுவடிகள் தமிழரின் பண்டைய வரலாற்றுக்கே அடிப்படையாகிவிட்டன. இடைப்பட்ட காலத்தில் ஏடு மாறவில்லை. ஏட்டை எதிரே வைத்துக்கொண்டு எழுத்தாணியாலும் பேனாவாலும் செய்யப்பட்ட வேலை மாறியது.

எழுதுதல் முன்னரே அறிந்ததைப் பதிந்துவைக்கும் செயல் என்பது பொதுவான எண்ணம். எழுதும்போது அறியாதது புலப்படுகிறது என்பதை எழுத்துப் பண்பாட்டை ஆராய்ந்தோர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். பட்டியலும் அட்டவணையும் பேச்சில் இயல்பாகத் தோன்றாதவை என்பதையும், அவை எழுத்தில் அமையும்போது புதிய வினாக்களைத் தோற்றுவிக்கின்றன என்பதையும் ஜாக் குடி 1977இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக விளக்கினார். வால்டர் ஓங் 1982இல் வாய்மொழிக்கும் எழுத்துக்கும் இடையேயுள்ள சிந்தனை வேறுபாட்டை ஆராய்ந்தார். இவ்வாய்வுகள் எழுப்பும் வினாவைத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின்பால் செலுத்தி, சாமிநாதையரின் பணியில் எழுதுதல் எவ்வாறு கண்டறியும் கருவியாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடங்கேட்டலும் எழுதுதலும்

சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். அக்காலக் கல்வி முறையில் நூல் ஆசிரியரின் வாயிலிருந்து மாணவரின் செவிக்குச் சென்று மனத்தில் தங்கியது. ஏடு நினைவுக்குத் துணையாக நின்றது. பிள்ளையவர்கள் தலபுராணங்களையும் பிரபந்தங்களையும் இயற்றிய முறை இதனினும் குறிப்பிடத்தக்கது. செய்யுட்கள் அவர் மனத்திலேயே உருப்பெற்றுத் தங்குதடையின்றி வாய்வழி வெளிப்பட, அருகிருந்த மாணவர் அவற்றை ஏட்டில் எழுதினர். அம்பர்ப் புராணம் முதலியவற்றில் சாமிநாதையரே இவ்வாறு எழுதும் பணியை ஆற்றியிருக்கிறார்.

இம்முறையில் எழுத்து சிந்தனைக்குப் பின்னே வருகிறது. கவிஞரின் உள்ளத்தில் முடிந்துவிட்ட ஒன்றை எழுத்தாணி பின்தொடர்கிறது. எழுதுபவர் தாம் எழுதுவதைக் குறித்து ஐயுறவேண்டிய தேவையில்லை. ஐயம் எழுந்தால் கேட்டறிவதற்கு ஆசிரியர் அருகிலேயே இருக்கிறார். பாடங்கேட்டலிலும் அவ்வாறே. நூலின் பொருள் ஆசிரிய மரபில் வாழ்கிறது. மரபு அறாத வரையில் ஏட்டின் குறைகளை ஆசிரியரின் நினைவு நிறைவு செய்கிறது.

பாடஞ்சொல்லும் மரபு அற்றுப்போன நூல் ஒன்று கைக்கு வரும்போது இம்முறை செயலற்றுவிடுகிறது. சாமிநாதையருக்கு அந்நிலை 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஏற்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த அவர், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அவர் அடுக்கிக் கூற, முதலியார் சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் பற்றி வினவினார். அந்நூல்களைத் தாம் கற்றதில்லை என்பதைத் தவிர அவ்வினாவுக்கு விடை இல்லை. இச்சந்திப்பின் பயனாகச் சிந்தாமணி அவர் கைக்கு வந்தது. அந்நூலில் முதல் இலம்பகமான நாமகளிலம்பகம் மட்டும் எச்.பவர் பதிப்பாக 1868இல் அச்சாகியிருந்தது. எஞ்சியவை சுவடியிலும் கையெழுத்துப் படியிலுமே இருந்தன. அதனைப் பாடஞ்சொல்லவல்ல சைவப் புலவர் எவரும் அவருக்கு அப்போது கிடைக்கவில்லை. ஆசிரியரின் இடம் வெறுமையாகிவிட, எழுத்தைக் கொண்டே அவ்வெறுமையை நிரப்பவேண்டிய நிலை எழுந்தது.

பெயர்த்தெழுதல்

ஏட்டிலுள்ளதைத் தாளில் பெயர்த்தெழுதுதல் எளிய பணியாகத் தோன்றலாம். பழஞ்சுவடிகளின் எழுத்தியல்பை நோக்கினால் அது எத்துணைச் சிந்தனைக்கு இடமளிப்பது என்பது விளங்கும். ஏட்டெழுத்தில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் ஒரே கொம்பு. ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவின. இவ்வேறுபாடுகளுட் சிலவற்றை வரிவடிவில் காட்டுமாறு வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த சீர்திருத்தம் பழஞ்சுவடிகளில் இல்லை. இதனால், கொம்பு, பகரம், கால் என மூன்று வடிவங்கள் அடுத்தடுத்து நின்றால் அவற்றைப் பொ, போ, பெர, பெர், பேர, பேர் என ஆறு வகையாகப் படிக்க இயலும். இத்துடன் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. செய்யுள் அடிபிரியாமல் உரைநடைபோல் ஓடும். மூலம் முடிந்து உரை தொடங்கும் இடத்திற்கும் பல சுவடிகளில் அடையாளம் இராது.

பொருள் தெரிந்த நூலைப் படிப்பவர் இத்தடைகளை உணர்வதேயில்லை. அவர் நாவில் சரியான வடிவம் தானாகவே வந்துவிடும். பொருள் தெரியாத நூலையும் ஏட்டிலேயே வாசித்துக்கொண்டு போகலாம். ஐயமான இடத்தை அரைகுறையாக ஒலித்துவிட்டுக் கடந்து செல்லலாம். தாளில் எழுதுபவருக்கு அவ்வாறு கடந்து செல்ல வழியில்லை. புள்ளி இடுவதா, விடுவதா, குறிலா நெடிலா, எங்கே சொல்லைப் பிரிப்பது என ஒவ்வோர் இடத்திலும் அவர் ஒரு முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவு ஒரு கருதுகோள். அடுத்த சீரோ அடுத்த அடியோ அதனை உறுதிப்படுத்தும் அல்லது மறுக்கும். அறியாமை மறைந்துகிடக்க இடமில்லாத வினை இது என்பதே அதன் சிறப்பு.

அடிபிரித்து எழுதும்போது இன்னொரு பயனும் விளைகிறது. ஓடிச்செல்லும் ஏட்டெழுத்தில் ஒரு சீரோ ஓர் அடியோ குறைந்திருப்பது கண்ணுக்குப் புலனாவதில்லை. அளவொத்த அடிகளாக நிறுத்தி எழுதியவுடன் குறை வெளிப்படுகிறது. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முற்பட்டபோது, குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் குவித்த மலர்களின் நீண்ட வரிசையில் சில பூக்களின் பெயர்கள் சாமிநாதையருக்கு முதலிற் கிடைத்த படிகளில் இல்லை. இவ்விடத்தில் இன்னவை இல்லை என்பது வரையறுக்கப்பட்ட பின்னரே தேடல் குறிக்கோள் உடையதாகிறது. விடுபட்ட பகுதி தருமபுரம் ஆதீனத்துச் சுவடியில் கிடைத்தது. அச்செய்தியை அவரே பிற்காலத்தில் தனிக்கட்டுரையாக எழுதியுள்ளார். அலைந்து தேடிய தேடலுக்கு முன்னே எழுதிக் கண்ட குறை நிற்கிறது என்பது இங்கு நோக்கத்தக்கது.

பல படிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்தபோது பெறப்பட்ட உண்மை இதனினும் வியப்பானது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் இயற்றிய உரை சில படிகளில் ஒருவகையாகவும் வேறு சிலவற்றில் மற்றொரு வகையாகவும் காணப்பட்டது. இவ்வேறுபாடுகள் எழுதுவோரின் பிழையால் விளைந்தவையாகத் தோன்றவில்லை. நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சமண நூல்களைக் கற்று அவ்வுரையைத் திருத்தி எழுதினார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி வழங்கியது. அச்செய்திக்கு ஏட்டுச் சான்று இவ்வொப்பீட்டினாற் கிடைத்தது. எழுதித் திருத்தி மீண்டும் எழுதும்போதே அறிவு தெளிவடைகிறது என்பதற்கு இடைக்கால உரையாசிரியர் ஒருவரே சான்றாகிறார். அதனைக் கண்டறிந்தவரும் எழுதி ஒப்பிட்டமையாலேயே கண்டறிந்தார்.

பட்டியலிடுதல்

சாமிநாதையரின் பணியில் மிகுந்த பயன் விளைத்த எழுத்துவகை பட்டியலே ஆகும். நச்சினார்க்கினியர் தம் உரையில் பழைய நூல்களிலிருந்து மேற்கோள்களைப் பெருகக் காட்டுபவர். பெரும்பாலும் நூற்பெயர் கூறாமல், பிறரும் இவ்வாறு கூறினர் என்னும் அளவில் அமைந்துவிடுவார். உரையைப் பாடங்கேட்கும் மாணவருக்கு இம்மேற்கோள்கள் தடையாவதில்லை. உரைப்பொருளை அவை வலியுறுத்துகின்றன என்ற அளவில் மனம் அமைதியுறும். அவற்றை உரையிலிருந்து பிரித்துத் தனியே எழுதியபோது நிலைமை மாறியது. திருக்குறள் முதலிய அறிந்த நூல்களைச் சேர்ந்தவை ஒருபுறம் ஒதுங்கின. இன்ன நூலினது என்று கூறமுடியாத அடிகள் மறுபுறம் திரண்டன. அறியப்படாத ஓர் இலக்கியப் பரப்பின் அளவு அத்திரளிலிருந்து தெரியலாயிற்று.

பின்னர்த் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளை ஆராய்ந்தபோது பத்துப்பாட்டும் எட்டுத்தொகை நூல்களும் அவர் கண்ணிற் பட்டன. அவ்வேடுகளில் இருந்த அடிகள் அவருக்கு முற்றிலும் புதியனவாக இல்லை. தம் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்த முகவரியற்ற அடிகள் பல அங்கே தமக்குரிய இடத்தில் நின்றன. உரையிலிருந்து பெயர்த்தெழுதிய குறிப்புகள் கையில் இல்லாதிருந்தால் அச்சுவடி பொருள் விளங்காத பழஞ்செய்யுட் கட்டு என்ற அளவில் மீண்டும் கட்டிவைக்கப்பட்டிருக்கக் கூடும். முன்னையோர் காலத்தில் அதற்கு நேர்ந்ததும் அதுவே. மேற்கோளும் மூலமும் இணைந்தபின் பயன் இருவழியாகப் பெருகியது. மூலம் மேற்கோளின் இடத்தைக் காட்டியது. மேற்கோள், சிதைந்த மூலத்தைத் திருத்தும் மற்றொரு படியாக உதவியது.

சொற்பட்டியல் இவ்வாறே பொருள் காணும் வழியாயிற்று. தமிழில் சொற்பொருள் அறிதற்கு நிகண்டுகள் நெடுங்காலமாக வழங்கின. அவை செய்யுள் வடிவில் மனப்பாடத்திற்கென இயற்றப்பட்டவை. அகரவரிசையில் அமைந்த அகராதி கண்ணாற் பார்த்தற்குரியது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் இம்முறையைத் தமிழுக்குத் தந்தது. பதிப்பாசிரியர் இயற்றிய அரும்பத அகராதி இவ்விரண்டினும் வேறானது. ஒரு சொல் நூல் முழுவதிலும் பயின்ற இடங்கள் அனைத்தையும் அது ஓரிடத்தில் நிறுத்துகிறது. ஓரிடத்தில் விளங்காத சொல் மற்றோரிடத்தின் சார்பினால் விளங்குகிறது. நிகண்டு கூறும் பொருள் பொருந்தாதபோது வழக்கே பொருளைத் தருகிறது. மரபு விட்டுச்சென்ற வெற்றிடத்தில் நூலே நூலுக்கு உரைசொல்லும் நிலை இதனால் ஏற்பட்டது.

1894இல் வெளிவந்த புறநானூற்றுப் பதிப்பில் பட்டியலின் ஆற்றல் முழுமையாகப் புலப்படுகிறது. தொகை நூலில் பாடல்கள் பாடினோர் வரிசையில் முழுதும் அமைந்தவை அல்ல. எடுத்துக்காட்டாக, அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றிய ஔவையாரின் பாடல்கள் 87ஆம் பாட்டிலிருந்து ஒரு தொகுதியாக வருகின்றன. ஏனையவை 206, 231, 232, 235, 315, 390 ஆகிய எண்களில் சிதறிக் கிடக்கின்றன. நூலைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஓதுபவர் ஒவ்வொரு பாடலையும் தனித்தனியே சுவைக்கிறார். பாடல்களின் அடிக்குறிப்புகளைக் கொண்டு பாடினோர் பெயரையும் பாடப்பட்டோர் பெயரையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொருவர்க்கும் உரிய பாடல்களை ஒருங்கு சேர்க்கும்போது, அஞ்சியின் போராற்றலும் கொடையும் மறைவும் ஒரு தொடர் வரலாறாக உருவெடுக்கின்றன. புலவருக்கும் புரவலருக்கும் இடையே நிலவிய நட்பு ஒரு வாழ்க்கைக் கதையாகிறது. தம் பதிப்பில் பாடினோர் வரலாற்றையும் பாடப்பட்டோர் வரலாற்றையும் சாமிநாதையர் எழுதிச் சேர்த்தார். அவ்வரலாறுகள் எந்த ஒரு பாடலிலும் அவ்வடிவில் இல்லை. பாடல்களைப் பிரித்து மீண்டும் அடுக்கிய எழுத்தில் பிறந்தவை.

விளக்கி எழுதுதல்

மூன்றாவது வகை, பிறர்க்கு விளங்குமாறு எழுதுதல். மணிமேகலைப் பதிப்பு இதற்குரிய சான்று. அந்நூலின் மூலம் திருமயிலை சண்முகம் பிள்ளையால் 1894இல் அச்சிடப்பட்டிருந்தது. சிந்தாமணிக்கும் சிலப்பதிகாரத்திற்கும் பழைய உரை துணையாக இருந்தது. மணிமேகலைக்கு அவ்வுதவி இல்லை. சிந்தாமணியின் சமயக் கொள்கைகளைக் கும்பகோணத்தில் வாழ்ந்த சந்திரநாத செட்டியார் முதலிய சமணரிடம் கேட்டறிய முடிந்தது. பௌத்தம் தமிழகத்தில் வழக்கொழிந்துவிட்டமையால் மணிமேகலையின் சமயச் சொற்களுக்கு அத்தகைய வாழும் மரபும் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் அச்சொற்கள் பௌத்த சமயத்தைச் சார்ந்தவை என்று கண்டு, ஆங்கில நூல்களின் துணைகொண்டு செய்திகளை எடுத்துரைத்தார்.

கேட்டறிந்த செய்திகள் சிதறலானவை. அவற்றைத் தொடர்ந்த உரைநடையாக எழுத முற்படும்போதுதான் எது எதற்குக் காரணம், எச்சொல் எக்கொள்கையைக் குறிக்கிறது, இடையில் அறியப்படாதது யாது என்பன வெளிப்படும். 1898இல் வெளிவந்த மணிமேகலைப் பதிப்பில் புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைப் பற்றிய பகுதிகளை எழுதிச் சேர்த்ததோடு, குறிப்புரையும் சாமிநாதையரே வரைந்தார். சைவ மடத்துச் சூழலில் பயின்ற ஒருவர் தமிழ்ப் பௌத்தத்தைத் தமிழர்க்கு விளக்கும் நிலையை அடைந்தது இவ்வெழுத்தின் வழியாகவே எனலாம். முன்பு பிறர் பாடியதை எழுதிய மாணவர் இப்போது எழுதுவதன் வாயிலாகத் தமக்குத் தாமே ஆசிரியரானார்.

அச்சான நூலோடு இவ்வறிதல் முடிந்துவிடவுமில்லை. 1887இல் சிந்தாமணியை வெளியிட்டபோது சங்க நூல்களில் அவருக்கு முழுப்பயிற்சி ஏற்பட்டிருக்கவில்லை. பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு, மணிமேகலை, ஐங்குறுநூறு (1903), பதிற்றுப்பத்து (1904) ஆகியவற்றைப் பதிப்பித்த பின்னர் 1907இல் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. முற்பதிப்புக்கும் பிற்பதிப்புக்கும் இடையே திருத்தங்களும் குறிப்புகளும் பெருகின. எந்நூல் ஐயங்களைத் தோற்றுவித்து ஏனைய நூல்களுக்கு வழிகாட்டியதோ அந்நூலுக்கே அவற்றின் ஒளி மீண்டு பாய்ந்தது.

சமகாலத்தார் பணியில் இதன் சாயல்

எழுத்துவழிக் கண்டறிதல் சாமிநாதையர் ஒருவர்க்கே உரியதன்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி.வை.தாமோதரம் பிள்ளை (1832–1901) அவருக்கு முன்னரே இத்துறையில் இறங்கியவர். 1881இல் வீரசோழியத்தைப் பதிப்பித்தபோது அதற்கு எழுதிய பதிப்புரையில் தமிழிலக்கிய வரலாற்றை அபோத காலம் முதல் ஆதீன காலம் ஈறாக எட்டுக் காலங்களாக அவர் வகுத்தார். அப்பகுப்பின் முடிவுகள் பல இன்று ஏற்கத்தக்கன அல்ல. ஓர் இலக்கண நூல் எக்காலத்தது என விளக்கப் புகுந்தவர், அதற்கு முன்னும் பின்னும் உள்ள நூல்கள் அனைத்தையும் ஒரு வரிசையில் நிறுத்த நேர்ந்தது என்பதே கருதத்தக்கது. தமிழிலக்கியத்திற்குக் காலப்பகுப்பு உண்டு என்னும் எண்ணம் ஒரு முன்னுரையை எழுதி முடிக்கவேண்டிய தேவையில் வடிவம் பெற்றது.

அவர் 1885இல் வெளியிட்ட தொல்காப்பியப் பொருளதிகாரப் பதிப்பு வேறொரு வகையில் சான்றாகிறது. அது முழுவதும் நச்சினார்க்கினியர் உரை என்னும் பெயருடன் வெளிவந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ் இதழ் 1902இல் தொடங்கப்பெற்ற பின், அதன் ஆசிரியராயிருந்த ரா.இராகவையங்கார் அப்பதிப்பின் இறுதி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்று அவ்விதழில் எழுதி நிறுவினார். உரைநடையும் மேற்கோள் ஆட்சியும் தாளில் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டபோது ஒருவர் எனக் கருதப்பட்டவர் இருவராயினர். ஏட்டில் மறைந்திருந்த வேறுபாட்டை அச்சு எல்லார்க்கும் பொதுவாக்கியது. அதனை ஆராய்ச்சி இதழின் எழுத்து வெளிப்படுத்தியது.

பட்டியலிலிருந்து கால அட்டவணைக்கு

பதிப்பாசிரியர் வகுத்த வரிசைகள் அடுத்த தலைமுறையின் வரலாற்றாய்வுக்கு மூலப்பொருளாயின. கே.என்.சிவராஜ பிள்ளை பண்டைத் தமிழரின் காலக்கணக்கைப் பற்றி 1932இல் வெளியிட்ட ஆங்கில நூல் இத்தொடர்பைத் தெளிவாகக் காட்டும். ஒரு புலவர் இரு மன்னரைப் பாடினால் அவ்விருவரும் ஒரு காலத்தவர் அல்லது அடுத்தடுத்த தலைமுறையினர். ஒரு மன்னனைப் பல புலவர் பாடினால் அவர்களும் அவ்வாறே. இவ்வுறவுகளை அவர் தலைமுறை அட்டவணைகளாக அமைத்தார். கட்டங்களில் பெயர்களை நிரப்பும்போது பொருந்தாத பெயர் உடனே வெளிப்படும். எத்தனை முறை ஓதினாலும் பாடலில் தோன்றாத முரண் அட்டவணையில் ஒரு பார்வையிலேயே தோன்றும். அவர் முடிவுகள் விவாதத்திற்கு உள்ளாயின; ஆயினும் அவ்விவாதம் நிகழ்வதற்கு ஓர் அடிப்படையை அவ்வட்டவணைகளே அளித்தன.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகப் பணியாற்றிய ச.வையாபுரிப் பிள்ளை (1891–1956) இவ்வழியிலேயே மேலும் சென்றார். ஒரு சொல் முதன்முதல் எந்நூலில் வருகிறது, எப்பொருளில் வருகிறது எனக் குறித்துச் செல்லும் அகராதிப் பணி இலக்கிய வரலாற்றாசிரியர்க்கு இயல்பாகவே கால ஆராய்ச்சிக் கருவியாகிறது. சைவசித்தாந்த மகாசமாஜம் 1940இல் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பில் அவர் பாடல்களைப் புலவர் வரிசையில் அமைத்தார். தொகை நூல்களின் எல்லையைக் கடந்து ஒரு புலவரின் பாடல்கள் அனைத்தும் ஓரிடத்தில் நின்றன. சங்கப் பாடல்கள் 2381, பெயர் தெரிந்த புலவர் 473 என்று இன்று எளிதாகக் கூறப்படும் எண்ணிக்கையும் இத்தகைய பட்டியலாக்கத்தின் விளைவே. கபிலரை ஒரு தனிக் கவியாளுமையாக ஆராய்வதற்கும் இவ்வமைப்பு வழிவகுத்தது.

ஒரு தடையும் அதற்கு விடையும்

எழுதுதலே கண்டறிதலுக்கு வழி எனில், பல நூற்றாண்டுகளாக ஏடுகளைப் படியெடுத்த எண்ணற்றோர் ஏன் எதனையும் கண்டறியவில்லை என்ற வினா எழுவது இயல்பு. பழைய ஏடு சிதைவதற்குள் புதிய ஏட்டில் அதனை எழுதிய அவர்களின் தொண்டினாலேயே இந்நூல்கள் எஞ்சின. எனினும் அவர்கள் எழுத்து ஏட்டின் நிலையை அப்படியே அடுத்த ஏட்டுக்கு மாற்றியது. ஐயமான எழுத்து ஐயமாகவே சென்றது. சிதைவு சிதைவாகவே சென்றது. அறியாமல் நேர்ந்த பிழைகளும் உடன் சேர்ந்தன. ஒரு வரிவடிவத்திலிருந்து அதே வரிவடிவத்திற்குப் பெயர்க்கும்போது முடிவெடுக்கும் தேவை எழுவதில்லை.

சாமிநாதையரின் எழுத்து மூன்று வகையில் இதனின்றும் வேறுபட்டது. புள்ளியும் இடைவெளியும் அடியமைப்பும் உடைய வேறொரு வரிவடிவிற்கு அது ஏட்டை மாற்றியது. தொடர்ந்து ஓடுவதைப் பிரித்து வேறொரு வரிசையில் அடுக்கியது. தாம் அறியாத, தம் ஆசிரியர் மரபைச் சாராத வாசகர் ஒருவர்க்கு விடைசொல்லக் கடமைப்பட்டிருந்தது. மாற்றுதல், பிரித்தடுக்குதல், விடைசொல்லுதல் என்னும் இம்மூன்றும் இல்லாத எழுத்து கையின் தொழிலாக நின்றுவிடும்.

பயணங்களும் உரையாடல்களும் பெற்ற பங்கினை இக்கூற்றுக் குறைப்பதாகாது. சந்திரநாத செட்டியாரும் ரங்காசாரியாரும் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் இன்றி அப்பணி நடந்திராது. ஆயினும் அறிந்தவரிடம் கேட்பதற்கு முதலில் கேள்வி வேண்டும். எவ்விடத்தில் எச்சொல் விளங்கவில்லை என்று எழுதிக் குறித்தவரே சமணரிடமும் பௌத்தம் கற்றவரிடமும் பொருளுடைய வினாக்களோடு செல்ல முடிந்தது.

முடிவுரை

சாமிநாதையர் பதிப்பாசிரியர் என்றும் சுவடிக் காவலர் என்றும் போற்றப்பெறும் அளவுக்குச் சிந்தனையாளராக மதிக்கப்பெறவில்லை. தமிழ்த் தாத்தா என்னும் அன்புப் பெயர் அவருடைய உழைப்பையும் பற்றையும் நினைவூட்டுகிறது. அவர் கையாண்ட அறிவு முறையை மறைத்தும் விடுகிறது. சங்க இலக்கியம் ஒரு தொகுதியாக அறியப்படுவதற்கு ஏடுகள் கிடைத்தமை போலவே அவற்றினின்று பெயர்த்த படிகளும் மேற்கோள் பட்டியல்களும் அகராதிகளும் வரலாற்றுக் குறிப்புகளும் காரணமாயின. நூலின் முன்னும் பின்னும் துணைப்பகுதிகளாக நிற்பவை உண்மையில் அந்நூல் கண்டறியப்பட்ட வழியின் சுவடுகள். பதிப்பு வரலாற்றை எழுதுவோர் இப்பகுதிகளை மூலச்சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும். சென்னையில் 1943இல் அவர் பெயரால் நிறுவப்பெற்ற நூல்நிலையத்தில் சுவடிகளுடன் அவருடைய கையெழுத்துக் குறிப்புகளும் பேணப்படுகின்றன. அச்சான நூல்களுக்கு அளிக்கப்பெறும் கவனம் அக்குறிப்புகளுக்கும் உரியது.

இன்று சங்க இலக்கியச் சொல்லடைவுகள் கணினியில் கிடைக்கின்றன. ஒரு சொல் வரும் இடங்களை நொடிப்பொழுதில் அறியலாம். ஆய்வாளரின் காலத்தை மிச்சப்படுத்தும் இவ்வசதி வரவேற்கத்தக்கதே. ஆயினும் கருவியிடம் கேட்பதற்குச் சொல் முன்னரே மனத்தில் இருக்கவேண்டும். கேட்ட வினாவுக்கு மட்டுமே அது விடை தரும். நச்சினார்க்கினியர் உரையிலிருந்து ஒவ்வொரு மேற்கோளாகப் பெயர்த்தெழுதியவர்க்கு அவர் கேளாத வினாவே எதிரே வந்து நின்றது. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் ஆய்வு மாணவர்க்குப் பொருளடைவும் சொல்லடைவும் வகுக்கும் பயிற்சி, முடிந்த ஆய்வேட்டின் பின்னிணைப்புக்குரிய சடங்காக எஞ்சிவிடாமல், ஆய்வின் தொடக்கத்திலேயே இடம்பெறுமாயின் அவ்வினாக்கள் இனியும் எழும்.